ஊமைச் செடிக்கு எழுத்தாணி ஈந்தவர்

ஊவா மலைநாட்டின் தென்விளிம்பிலே, பெலிகுல்ஓயாவைக் கடந்து பெரகலையை நோக்கி ஏறும் பெருவீதியின் மருங்கில் அமைந்தது ஹல்துமுல்லை. அவ்வூரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் ஒற்றையடிப் பாதைகளில், கொழுந்துக் கூடை சுமந்து செல்வாரின் கால் பட்ட மாத்திரத்தே இலைகளைக் கூப்பிக் காம்பினைத் தாழ்த்தி ஒடுங்கும் சிறு செடி ஒன்று உண்டு. தொட்டாற்சுருங்கி என்றும் தொட்டாற்சிணுங்கி என்றும் நாம் வழங்கும் அதனைச் சிங்கள மக்கள் நிதிகும்பா என்பர். வெப்பவலய அமெரிக்காவிலிருந்து வந்தேறிய அச்செடி, இன்று நம் மண்ணின் குடியாகவே ஆகிவிட்டது. சிறுவர் அதனைத் தொட்டு மகிழ்வர். முள் தைத்தவர் அதனை வெறுப்பர். உழவர் அதனைக் களையென்று பிடுங்குவர்.

அச்செடிக்குக் கண் இல்லை, செவி இல்லை, மூளையும் நரம்பும் இல்லை. ஆயினும் ஓர் இலையின் நுனியிலே நேர்ந்த தீண்டல், நொடிப்பொழுதில் காம்பின் அடிவரை சென்று சேர்கின்றது. அச்செய்தியைச் சுமந்து செல்லும் தூதுவன் யாவன்? புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்து, அவ்வோரறிவு தீண்டி உணரும் ஊற்றுணர்வே என்று தொல்காப்பியர் மரபியலிலே கூறிப் போந்தார். அது சான்றோர் ஒருவரின் கூரிய நோக்கு. ஆனால் அவ்வுணர்வு யாது, எவ்வழிச் செல்கின்றது, எத்துணை விரைவிற் செல்கின்றது என்று செடியையே சாட்சிக் கூண்டில் ஏற்றி வினவியவர் நம் காலத்தை அடுத்து வாழ்ந்த வங்கப் பெருமகனார் ஒருவர். அவரே சேர் ஜகதீச சந்திர போஸ்.

பள்ளித் திண்ணையும் தோழரும்

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கிலே பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் தலைமையாசிரியராய் இருந்து, பின்னர் பரீத்பூரில் உதவி நீதவானாய்ப் பணிபுரிந்தவர். அரசாங்க உத்தியோகத்தர் யாவரும் தம் மைந்தரை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பிய அந்நாளில், அவர் தம் மகனைத் தாய்மொழியாகிய வங்காளம் கற்பிக்கும் ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார். ஏவலாளராகிய முஸ்லிம் ஒருவரின் மகன் ஒருபுறமும், மீனவர் ஒருவரின் மகன் மறுபுறமும் அமர, நடுவே நீதவானின் மகன் இருந்து பயின்றான். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றின் கதைகளை அத்தோழர் சொல்லக் கேட்டதே தமக்கு இயற்கை ஆராய்ச்சியில் வேட்கை பிறந்ததற்குக் காரணம் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். பிள்ளைகள் யாவரும் வீடு திரும்பியதும் அவர்தம் அன்னையார் வேறுபாடு கருதாது அனைவர்க்கும் உணவிட்டார்.

தந்தையாரின் உள்ளத்தின் விரிவுக்கு மற்றுமொரு சான்று உண்டு. சிறைத்தண்டனை அடைந்து மீண்ட முன்னாட் கொள்ளைக்காரன் ஒருவனை வேலைக்கு அமர்த்தி, மகனைப் பள்ளிக்குச் சுமந்து செல்லும் பொறுப்பையே அவனிடம் ஒப்புவித்தார். ஊர்க்கூத்துக்களைக் கண்டு வளர்ந்த சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்த வீரன் பாரதத்துக் கர்ணன். பிறப்பைக் காட்டிப் பிறர் இகழ்ந்தபோதும் ஆற்றலாலே தலைநிமிர்ந்து நின்ற அவ்வீரனின் நினைவு அவர்க்கு வாழ்நாள் முழுவதும் துணையாயிற்று.

கல்கத்தாவில் தூய சவேரியார் கல்லூரியிலே பயின்றபோது, இயேசு சபைக் குருவாகிய லபோன் அடிகளார் பௌதிகத்தைப் பரிசோதனை வாயிலாகக் கற்பித்து அவர் உள்ளத்தை அத்துறைக்கு ஈர்த்தார். 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்ற போஸ், நோயின் கொடுமையால் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே இயற்கை விஞ்ஞானம் பயின்று 1884இல் பட்டம் பெற்றார். பௌதிக மேதை இறேலி பிரபுவும், சாள்ஸ் டார்வினின் மைந்தரான பிரான்சிஸ் டார்வினும் அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள். ஒருவர் அலைகளை அறிந்தவர். மற்றவர் செடிகளை அறிந்தவர். பின்னாளில் இவ்விரு துறைகளும் போஸின் ஆராய்ச்சியிலே ஒன்றாய்க் கலந்தன.

மூன்றாண்டு வாங்காத சம்பளம்

1885இல் நாடு திரும்பிய அவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியிலே பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தார். அக்காலத்தில் ஒரே பணியைப் புரியும் ஐரோப்பியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியர்க்கு உரியது. அவர் நியமனம் தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே அவருக்குத் தரப்பட்டது. ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி. போஸ் சண்டையிடவில்லை, வேலையை விட்டு ஓடவும் இல்லை. நாள்தோறும் தவறாது வகுப்புக்குச் சென்று கற்பித்தார். சம்பளத்தைத் தொட மறுத்தார். ஒருநாள் இருநாள் அன்று, மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. நாட்டுத் தொழில்களை வளர்க்க முற்பட்டு நட்டமடைந்த தந்தையாரின் கடன் குடும்பத்தை அழுத்திய காலம் அது.

அவ்விடர்ப்பாட்டின் நடுவிலேயே 1887இல் அபலா அம்மையாரை மணந்தார். அம்மையார் மருத்துவக் கல்வியை நாடிச் சென்னை சென்று பயின்று, உடல்நலக் குறைவால் அதனை முடிக்க இயலாது மீண்டவர். பிற்காலத்தில் பெண்கல்விக்கும் கைம்பெண்களின் நல்வாழ்வுக்கும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. கணவரின் உறுதியிலே அவரும் பங்குகொண்டார். ஈற்றில் அதிகாரிகளே இணங்கினர். போஸின் நியமனம் நிரந்தரமாக்கப்பட்டு, கடந்த மூன்றாண்டுகளின் முழுச் சம்பளமும் ஒருங்கே அளிக்கப்பட்டது. அப்பணத்தைக்கொண்டு தந்தையாரின் கடனை அடைக்க முற்பட்டார். உழைப்புக்கு ஏற்ற கூலி யாது என்னும் வினா ஊவாவின் மலைச்சரிவுகளிலும் தலைமுறை தலைமுறையாய் ஒலித்து வருவது. ஆதலின் இச்செய்தி நம்மவர்க்கு வெறுங்கதையன்று.

36ஆம் வயதிலே அவர் ஆராய்ச்சியில் முழுமூச்சாய் இறங்கினார். அதற்கென ஆய்வுகூடம் இல்லை. குளியலறையை அடுத்த ஒரு சிற்றறையும், தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் கைத்திறனுமே அவர்க்கு வாய்த்தன. அத்துணை எளிய கருவிகளைக்கொண்டு 5 மில்லிமீற்றர் அளவு குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கினார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்திலே, சுவர்களை ஊடுருவிச் சென்ற அவ்வலைகள் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்தமையை மக்கள் கண்டனர். 1897 ஜனவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்டிற்றியூசனிலே அதனை விளக்கியபோது அறிஞர் உலகம் வியந்தது. அலையுணர் கருவியின் உரிமையை விற்றிருப்பின் பெருஞ்செல்வராயிருப்பார். அறிவைப் பண்டமாக்க அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்தி 1904இல் அமெரிக்க உரிமைப்பத்திரம் ஒன்றைப் பெற்றுத் தந்தபோதும், அதனால் ஊதியம் தேடாது விட்டுவிட்டார்.

தாய்மொழியில் எழுதுவதையும் அவர் கைவிட்டாரல்லர். 1896இல் வங்காளத்தில் அவர் புனைந்த சிறுகதை ஒன்றிலே, நோய் தீர இலங்கைக்குக் கப்பலேறும் ஒருவன், நடுக்கடலிற் புயல் சீறியபோது தலைக்குப் பூசும் எண்ணெயைக் கடலில் ஊற்றி அலைகளை அடக்குகின்றான். நகைச்சுவையும் விஞ்ஞானமும் விரவிய அக்கதை, இந்திய மொழிகளில் எழுந்த முதல் அறிவியற் புனைகதைகளுள் ஒன்றாய் மதிக்கப்படுகின்றது.

உலோகத்தின் களைப்பு, செடியின் துடிப்பு

அலைகளை உணரும் உலோகக் கருவி ஓயாது வேலை செய்தால் அதன் உணர்ச்சி மந்தமாவதையும், சற்று ஓய்வு கொடுத்தால் மீளக் கூர்மை பெறுவதையும் போஸ் கண்டார். தசை களைப்பதும் இவ்வாறன்றோ என்று அவர் சிந்தை விரிந்தது. உயிரற்றதற்கும் உயிருள்ளதற்கும் இடையே நிற்பது தாவரம். ஆதலின் தாவரத்தை நோக்கித் திரும்பினார். இலண்டனிற் குதிரைச் செஸ்நட் மரத்தின் இலைகளையும், கரற்றையும், தேர்ணிப்புக் கிழங்கையும் எடுத்துக் கிள்ளியும் தட்டியும் பார்த்தார். வெலிமடைப் பக்கத்திலே விளையும் அதே கரற்றுத்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அதனுள் மின் மாறுதல் ஒன்று எழுந்து அடங்கியது. குளோரபோம் கொடுத்தால் அது மயங்கிற்று. நஞ்சூட்டினால் முற்றாய் நின்றது.

1901 ஜூன் 6ஆம் நாள் இம்முடிவுகளை றோயல் சொசைற்றி என்னும் அரச விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். அங்கே எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவருள் தலையாயவர் பேடன் சாண்டர்சன் என்னும் முதுபேராசிரியர். 1873இல், டார்வினின் வேண்டுகோளின்படி, பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் பொறிச்செடியிலே மின்னோட்டத்தை முதன்முதல் அளந்து காட்டிய பெருமை அவருடையதே. எனினும், சாதாரணச் செடிகளுக்கும் அத்துடிப்பு உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. பௌதிக அறிஞர் ஒருவர் உயிர்நூலாரின் வேலிக்குள் புகுவதும் பலர்க்கு உவப்பாயில்லை. கட்டுரை அச்சேறாது நிறுத்தப்பட்டது. போஸ் சோர்ந்து திரும்பினாரல்லர். இங்கிலாந்திலேயே தங்கிப் பரிசோதனைகளைப் பெருக்கி, 1902இல் லினியன் சங்கத்தின் வாயிலாகத் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே உயிருள்ளனவும் உயிரற்றனவும் காட்டும் தூண்டற்பேறுகள் பற்றிய நூலும் வந்தது. கவி இரவீந்திரநாத தாகூரின் நட்பும், நூல்களைச் செப்பஞ்செய்வதில் சகோதரி நிவேதிதை ஆற்றிய உதவியும் அக்காலத்தில் அவர்க்கு ஊன்றுகோல்களாயின.

வாதத்தால் வெல்ல இயலாதவிடத்துக் கருவியால் வெல்வது அவர் வழி. தொட்டாற்சுருங்கியின் இலையிலே நுண்ணிய நெம்புகோலைக் கட்டிப் புகைபடிந்த கண்ணாடியில் எழுதச் செய்யலாம். ஆனால் இலையின் இழுவை மிகச் சிறிது. எழுத்தாணி கண்ணாடியோடு உராய்ந்தால் அசைவே நின்றுவிடும். இத்தடையை நீக்க, எழுத்தாணியை ஓயாது அதிரச் செய்து, கண்ணாடியைத் தொட்டும் விட்டும் புள்ளியிடுமாறு போஸ் அமைத்தார். உராய்வு ஒழிந்தது. நொடிக்கு 100 முறை அதிரும் எழுத்தாணி இடும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட காலம் நொடியில் 100இல் ஒரு பங்கன்றோ? ஆகவே காலக்கணக்கும் தானே பதிந்தது. செடி தன் சரிதையைத் தானே எழுதத் தொடங்கிற்று. தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் தாமே எழுந்து தாழும் துடிப்பையும் இக்கருவி வரைந்தது.

தொட்டாற்சுருங்கியில் தூது செல்வது நீரின் அமுக்கமே என்று செருமானிய அறிஞரான பெபரும் ஹபர்லாந்தும் கருதியிருந்தனர். போஸ் இலைக்காம்பின் நடுவே குளிரூட்டினார்; தூது தாமதித்தது. குளிரை மிகுவித்தார்; தூது நின்றது. நஞ்சு தடவியபோதும் நின்றது. வெறும் நீரமுக்கமாயின் குளிரும் நஞ்சும் அதனை மறிப்பதேன்? எனவே செல்வது உயிருள்ள இழையத்தின் மின்கிளர்ச்சி என முடிவு செய்தார். நுண்ணிய மின்முனையை அங்குலம் அங்குலமாய் அன்றி மயிரளவு மயிரளவாய்ச் செலுத்தி, அத்தூது செல்லும் பாதை உணவைக் கொண்டுசெல்லும் உரியம் என்னும் இழையமே என்றும் காட்டினார்.

1914இல் இச்செடிகளைக் கப்பலிலே காத்துக் கொண்டுசென்று ஒக்ஸ்போட்டிலும் கேம்பிரிட்ஜிலும் வியன்னாவிலும் அறிஞர்முன் எழுதச் செய்தார். செடியின் வளர்ச்சியை ஒரு கோடி மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கருவியை அவர் அமைத்தபோது, அது மெய்யோ என்று ஐயுற்றவரும் இருந்தனர். 1920 ஏப்ரலில் இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியிலே அறிஞர் குழுவின் முன் அக்கருவி இயங்கிக் காட்டியது, ஐயம் தீர்ந்தது. அவ்வாண்டே றோயல் சொசைற்றி அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. 19 ஆண்டுகளுக்குமுன் கட்டுரையை நிறுத்திய கழகமும் அதுவே.

1917இல் சேர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளிலே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து நாட்டுக்கு ஈந்தார். அதனை ஆய்வுகூடமென்று மட்டும் கருதாது ஆலயமென்றே போற்றினார். அங்கு பிறக்கும் கண்டுபிடிப்புக்கள் எவரது தனியுடைமையும் ஆகா என்றும் விதித்தார். தேயிலை விளையும் டார்ஜிலிங் மலையிலும் அந்நிலையத்துக்குக் கிளையொன்று அமைந்தது. 1937 நவம்பர் 23ஆம் நாள், 79 வயது நிறைய ஒரு வாரம் இருக்கையிலே, கிரிடி என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார்.

மென்சவ்வில் அமைந்த மதகுகள்

போஸ் அத்தூதுவனின் காலடி ஓசையைக் கேட்டார், முகத்தைக் காணவில்லை. அதனைக் காண்பதற்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஒவ்வொரு கலத்தையும் மென்சவ்வு ஒன்று மூடியிருக்கின்றது. மில்லிமீற்றரை 2 இலட்சம் கூறிட்டால் ஒரு கூறளவே அதன் தடிப்பு. நெய்ப்பசையுள்ள அச்சவ்வை மின்னேற்றம் கொண்ட அணுக்களாகிய அயன்கள் கடக்க மாட்டா. கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தை நோக்க எதிர் மின்னேற்றம் உடையது. தாவரக் கலத்தில் அவ்வேறுபாடு ஒரு வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கோ அதனிற் சற்று மிகுதியோ ஆகும். சிறிதென்று எண்ணற்க. சவ்வின் மென்மையை நோக்கக் கணக்கிட்டால், ஒரு சென்ரிமீற்றருக்கு 2 இலட்சம் வோல்ற் என்னும் அளவுக்கு அஃது உயரும். அம்மின்விசையின் நடுவே, சவ்வை ஊடறுத்துப் புரத வாயில்கள் நிற்கின்றன. குளத்து மதகைப் போல் அவை திறக்கும், மூடும். மதகைத் திறப்பது மனிதர் கை. இவ்வாயில்கள் சிலவற்றைத் திறப்பது மின்னழுத்தத்தின் மாறுதல். அவற்றின் ஓருறுப்பு தானே நேர் மின்னேற்றம் உடையது. உட்புறத்தின் எதிரேற்றம் குறைந்தால் அவ்வுறுப்பு வெளிநோக்கி நகர, வாயில் திறக்கும்.

ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிலே இக்கணக்கை 1952இல் வகுத்தவர் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கில அறிஞர் இருவர். 1963இல் நோபல் பரிசு பெற்றனர். தனியொரு வாயில் திறந்து மூடும் நுண்ணோட்டத்தை 1976இல் செருமனியில் நேயர், சக்மன் ஆகியோர் அளந்து 1991இல் அப்பரிசைப் பெற்றனர். 1984இல் அவரை இலையின் காவற்கலங்களில் பொற்றாசிய வாயில்கள் அம்முறையாலே காணப்பட்டன. ஆக, வாயில்கள் விலங்குக்கும் உண்டு, செடிக்கும் உண்டு. 1998இல் மக்கினன் என்னும் அமெரிக்கர் பொற்றாசிய வாயில் ஒன்றின் உருவத்தையே வெளிப்படுத்தினார்.

இனித் தொட்டாற்சுருங்கியிடம் மீள்வோம். இலையைத் தீண்டியதும் கலத்தினுள் கல்சியம் புகுகின்றது, குளோரைட்டு வெளியேறுகின்றது, உட்புறத்தின் எதிரேற்றம் குறைகின்றது. அக்குறைவை அயற்கலத்தின் வாயில்கள் உணர்ந்து திறக்க, அதன் அயலும் திறக்க, துடிப்பு நொடிக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை ஓடுகின்றது. அது காம்பின் அடியிலுள்ள தடித்த மூட்டை அடைந்ததும், கீழ்ப்புறக் கலங்களின் பொற்றாசிய வாயில்கள் திறக்கின்றன. பொற்றாசியம் வெளியேற, அதனைத் தொடர்ந்து நீரும் வெளியேற, கலங்கள் தளர்ந்து காம்பு சாய்கின்றது. பின்னர்ச் செடி தன் ஆற்றலைச் செலவிட்டு அயன்களை மீள உள்ளே சேர்க்க, பத்து இருபது நிமிடங்களில் இலை நிமிர்கின்றது. 2022இல் யப்பானின் சைத்தாமாச் சர்வகலாசாலை ஆய்வாளர், கல்சியம் பட்டதும் ஒளிரும் தொட்டாற்சுருங்கியை உருவாக்கி, அவ்வலையும் மின்துடிப்பும் ஒருங்கே ஓடுவதைக் கண்ணாற் கண்டனர். சுருங்க இயலாத செடியைப் பூச்சிகள் மிகுதியாய்த் தின்றமையும் அவர்கள் கண்டதே.

போஸ் கூறியன யாவும் நிலைத்தன என்பது நடுவுநிலை ஆகாது. செடிக்கு நரம்பே உண்டு என்று அவர் எழுதியது மிகை. அதற்கு இருப்பது நரம்பன்று. விலங்கின் நரம்பிலே முந்துவது உட்புகும் சோடியம். செடியிலோ உட்புகும் கல்சியமும் வெளியேறும் குளோரைட்டும். காயம்பட்ட செடியிலே இரசாயனப் பொருளும் நீரோட்டத்தோடு செய்தி சுமப்பதை 1916இல் இத்தாலியரான றிக்கா காட்டினார், அதற்கும் இடமுண்டு. சாறு மேலேறுவது கலங்களின் துடிப்பாலே என்ற அவர் கொள்கையும் ஏற்கப்படவில்லை. எனினும் மின் துடிப்பு மெய். அது செல்லும் வழி மெய். எளிய செடிக்கும் அது பொது என்பதும் மெய். ஆளும் இனத்தவன், ஆளப்படுவோன் என்ற வேறுபாட்டைப் புகைபடிந்த கண்ணாடி அறியாது. செடி இட்ட புள்ளிகளே தீர்ப்பு வழங்கின.

மலைநாட்டுப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் கருவிகள் இல்லையே என்று வருந்துவர். தொட்டாற்சுருங்கிக்குப் பஞ்சமில்லை. அளவுகோல் ஒன்றும் நொடிகாட்டும் கடிகாரம் ஒன்றும் போதும். இலையின் நுனிச் சிற்றிலையை மெல்லக் கிள்ளி, அடுத்தடுத்த சோடிகள் கூம்புவதைக் கணக்கிட்டால், துடிப்பின் வேகத்தை மாணவன் தானே கண்டறியலாம். மறுமுறை காம்பின் நடுவே பனிக்கட்டி வைத்து அளந்து பார்க்கட்டும். ஊர்ப்பள்ளியிலே மீனவர் மகனோடு அமர்ந்து பயின்ற அப்பெருமகனாருக்கு நாம் செய்யத்தகும் சிறப்பு அதுவே.